ஒரு வெற்றிடமும் ஒரு பூச்சியமும்

சந்தியோகுவுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது என்பது அரிப்பு என்ற அந்தக் கடற்கரை ஊரில் பழைய பகிடி. பூசை நடக்கும்போதே இரண்டு மூன்று தரம் வெளியே போய்வருவார். கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தால் பாதிச் சாப்பாட்டில் எழும்பி அடுத்த வரிசைக்காரனோடு கதைக்கப் போய்விடுவார். கோயிலில் வரிசையாக இருக்கும் வாங்குப் பலகையில் அவருக்கென்று ஒரு ஓரத்தை விட்டுவைத்திருந்தார்கள், போகவரச் சுகமாக இருக்கட்டும் என்று. அந்த மனிதர் கடலில் செத்துப்போன பிறகு பகிடி தீர்ப்பாக மாறியது. கடலில் உதவி கேட்கும் ஆபத்துப் பெட்டியை அழுத்தினவர் அழுத்தின இடத்தில் நின்றிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார், அவர் எங்கே நின்றார் என்று சனம் சொன்னது. சவ அடக்கத்துக்கு வந்தவர்களே சொன்னார்கள். அவருடைய மனைவி மேரி ரோஸின் காதுபடச் சொன்னார்கள்.

நடந்ததும் அப்படி நினைக்கும்படியாகத்தான் இருந்தது. சோளகக் காற்று எழும்பின நாளொன்றில் தனியாகப் போனவரின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. பெட்டியை அழுத்தியிருக்கிறார். ஊரிலுள்ள போட்காரர் எல்லாருடைய போனுக்கும் செய்தி வந்தது. படகின் பெயர், உதவி என்ற சொல், பிறகு இடம். இடம் சிலாவத்துறைக்கு நேரே காட்டியது. கரையில் நின்ற படகுகள் எல்லாம் அந்த அலையிலும் அங்கே ஓடின. இருட்டும்வரை சுற்றினார்கள். ஒரு எண்ணெய்க் கலன்கூட மிதக்கவில்லை. காற்று அடங்கின பிறகுதான் சந்தியோகுவின் படகு கவிழ்ந்தபடி கிடந்ததைக் கண்டார்கள். அது நாலு கிலோமீற்றர் வடக்கே, அரிப்புக்கு நேரே, அவருடைய சொந்த ஊருக்கு நேரே கிடந்தது. உடல் கொண்டச்சிப் பக்கம் ஒதுங்கியது.

அந்தப் பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்தவள் றொஷேல்.

றொஷேல் போட்கார பெனடிக்ற்றின் மகள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். படித்து முடித்து, மன்னார் ரவுனில் கடல்தொழிலுக்குக் கருவி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். உள்ளங்கை அளவு, தண்ணீர் புகாத மஞ்சள் பெட்டி. எஞ்சினுக்குப் பக்கத்தில் திருகிப் பூட்டுவது. சிவப்புக் குமிழை அழுத்தினால் செய்மதியிடம் இடத்தைக் கேட்டு, படகின் பெயரையும் இடத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கரைக் கோபுரத்துக்கும் அதன் வழியே எல்லாப் போன்களுக்கும் அனுப்பும். கோயில் வளவில் போட்காரரை இருத்தி வைத்து அவள்தான் பாடம் எடுத்தாள். "அழுத்தினால் அந்த இடத்திலயே நங்கூரத்தைப் போட்டிட்டு இருங்கோ. நீந்த வெளிக்கிடாதேங்கோ, துடுப்புப் போடாதேங்கோ. நாங்கள் வருவம்."

நாங்கள் வருவம். அன்றைக்கு அந்தச் சொல்லை என்ன கெப்பராகச் சொன்னாள். யார் அந்த நாங்கள்? அவள் கடலுக்குப் போய் எத்தனை வருடம்? அன்றும் சந்தியோகு பாதிப் பாடத்தில் எழும்பிப் போய்த் திரும்பி வந்தவர்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பெட்டிக்குள் படகின் பெயரைத் தமிழில் போடவைத்ததும் அவளேதான். நிறுவனத்தில் முதலில் இலக்கங்கள்தான் போடுவதாக இருந்தது. இலக்கத்தைப் பார்த்து யாரை அடையாளம் காண்பது என்று அவள் சண்டை பிடித்தாள். கரையில் நிற்கிறவனுக்கு 'லூர்து மாதா' என்றால் பெனடிக்ற்றின் முகம் தெரியும், இலக்கத்தில் என்ன தெரியும்? வென்றாள். அந்தக் கரையில் படகின் பெயர் வெறும் பெயர் இல்லை. ஒரு படகுக்காரன் கடலில் செத்துப் போய்விட்டால் அடுத்தவன் அந்தப் படகை எடுக்குமுன் அதன் முகப்பில், முன்னணியத்தில், புனிதரின் பெயருக்குப் பின்னால் போனவனின் பெயரை எழுதுவார்கள். பழையதை அழிப்பதில்லை, சேர்ப்பதுதான். சந்தியோகுவின் தமையன் செபமாலை கடலில் போனபோது 'புனித அந்தோனியார் துணை' என்ற படகு 'புனித அந்தோனியார் துணை செபமாலை' ஆனது. அந்த முழுப் பெயரையும் பெட்டிக்குள் ஏற்றினது றொஷேலின் கை.

அடக்கம் முடிந்து ரவுனுக்குத் திரும்பிய பின் ஒருநாள் தகப்பன் போன் எடுத்தார். பெனடிக்ற் போனில் அதிகம் கதைக்காதவர். சாப்பிட்டியோ என்றுகூடக் கேட்காமல் நேரே விசயத்துக்கு வந்தார். சந்தியோகுவின் வலையைத் தூக்கப் போயிருந்தாராம். வலை படகு கிடந்த அதே கடலடிப் பாறைப் பாரிலேயே கிடந்ததாம்.

"படகையும் பாத்தனான். எஞ்சின் பிளக் ரெண்டும் கழட்டித் துணியில சுத்திக் கட்டி வச்சிருந்தது பிள்ளை. நங்கூரக் கயிறும் வடிவா விட்டிருக்கு. வலையையும் விட்டிட்டு, ஓடாத எஞ்சினோட அவன் சிலாவத்துறைக்கு எப்பிடிப் போனவன்? போனவன் பிறகு எப்பிடி வலையடிக்குத் திரும்பி வந்தவன்? உன்ர பெட்டி சரியாத்தான் சொன்னதோ?"

செய்மதி பிழை விடாது அப்பா என்று அவள் வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்தாள். படித்தவள் அல்லவா. ஆனால் செய்மதி பிழை விடாது என்பது செய்மதியைப் பற்றிய பேச்சு. பெட்டியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

நிறுவனக் கந்தோரில் சும்மா கிடந்த பெட்டி ஒன்றை எடுத்து 'லூர்து மாதா' என்று ஏற்றி அழுத்தினாள். செய்தி வந்தது. இடம் கந்தோரையே காட்டியது. பெயரை அழித்து 'புனித அந்தோனியார் துணை செபமாலை' என்று ஏற்றினாள். அழுத்தினாள். செய்தி வந்தது. பெயர் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. இடம் தெற்கே சில கிலோமீற்றர் தள்ளிக் காட்டியது. திரும்ப அழுத்தினாள், பெட்டி செத்துக் கிடந்தது. சந்தியோகுவிடமிருந்தும் ஒரே ஒரு செய்திதான் வந்தது.

பெட்டியின் நிரல் சி மொழியில் எழுதியது. எழுதியவர் மூத்த பொறியியலாளர் ஜெகதீபன். அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் தன் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். சி மொழியில் ஒரு சொற்சரத்தோடு இன்னொன்றைச் சேர்க்க ஸ்ட்ர்கேட் என்று ஒரு கட்டளை உண்டு. முதலாவது சரம் எங்கே முடிகிறது என்று தேடிப் போய், அந்த முனையில் இரண்டாவதை ஒட்டிவிடும். சரம் முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் ஒரு பூச்சியம் வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்று அது கேட்காது. கோயில் வாங்கில் ஏற்கெனவே ஆட்கள் நிரம்பியிருக்க, பார்க்காமல் வந்து குந்துகிறவனைப் போல. குந்துகிறவனுக்கு இடம் கிடைக்கும். ஓரத்தில் இருந்தவன் கீழே விழுவான். விழுந்தது யார் என்று திரும்பியும் பார்க்காது.

ஜெகதீபன் செய்திக்கு நினைவகத்தில் நூறு இடம் ஒதுக்கியிருந்தார். ஆங்கில எழுத்துக்கு ஒரு இடம் போதும். தமிழில் ஒரு எழுத்துக்கு மூன்று, அதன் விசிறி, கொம்பு போன்ற ஒவ்வொரு குறிக்கும் வேறாக மூன்று. படகின் பெயரும் உதவி என்ற சொல்லும் சேர்ந்தபோது நூறும் நிரம்பி, கடைசிச் சொல்லுக்குப் பின்னால் விடும் ஒரு வெற்றிடமும் அந்த முடிவுப் பூச்சியமும் வெளியே வழிந்தன. அவை வழிந்து போய் விழுந்தது, நினைவகத்தில் பக்கத்திலேயே இருந்த எண்ணின் மேல். அது படகு எவ்வளவு வடக்கே நிற்கிறது என்ற எண். அதன் வால் பகுதி அழிந்துபோனது. முழுதாக அழிந்து கன்னாபின்னா என்று ஏதாவது வந்திருந்தால் பிழை என்று யாரும் கண்டிருப்பார்கள், நாலு பக்கமும் தேடியிருப்பார்கள். வால் மட்டும் அழிந்ததால் அது உண்மையான இடம் போலவே இருந்தது. பொய் உண்மையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

சந்தியோகு அசையவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அந்த மனிதர் சொன்ன இடத்தில் இருந்தார். நங்கூரத்தைப் போட்டு, பிளக்கைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, கரையைப் பார்த்தபடி இருந்திருப்பார். எல்லாரும் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஜெகதீபனிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து, தகரக் கொட்டிலுக்குள் படித்து, வெள்ளாங்குளத்துக்குத் திரும்பி வந்த குடும்பம். ஒரு வேலையைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று அவருக்குத் தெரியும். அவள் பெட்டியை நிற்பாட்டித் திரும்ப இயக்கி அழுத்திக் காட்டியபோது அவருடைய முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. இணைக்கும் இடத்தில் அளவு பார்க்கவில்லையே என்று அவள் ஆரம்பத்திலேயே கேட்டதும், நூறு காணும், யார் அவ்வளவு நீளத்தில் பேர் வைக்கிறது என்று அவர் சொன்னதும் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. அதை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டதோடு விட்டவள் தானும்தான் என்பது அவளுக்கு உறைத்தது. பெயருக்காகச் சண்டை பிடித்தவள் இடத்துக்காகப் பிடிக்கவில்லை.

பின்னேரத்துக்குள் அவர் மாற்று நிரல் எழுதிவிட்டார். மேலிடத்தோடும் கதைத்துவிட்டார். இனி பெயர் குறித்த அளவுக்கு மேல் போனால் பெட்டியே அதை வெட்டிவிடும். இடம் சரியாக வரும். றொஷேல் அரிப்புக்குப் போய் எல்லாப் பெட்டிக்கும் அதை ஏற்ற வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை.

"அப்டேற் எண்டு சொல்லும், காணும்."

"சந்தியோகு அண்ணன் ஓடினவர் எண்டு ஊர் சொல்லுது, தீபன் அண்ணா."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? நாங்கள் அப்பிடிச் சொல்லேல்லையே."

"சொல்லேல்லை. சொல்ல விட்டுக்கொண்டு இருக்கிறம்."

அவர் கதிரையைத் திருப்பி யன்னலைப் பார்த்தார். இது வெளியே போனால் மற்றக் கரைகளில் ஒருத்தனும் பெட்டி பூட்ட மாட்டான், அதனால் இன்னும் எத்தனை பேர் சாவார்கள் என்று யோசித்தீரா என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நியாயங்கள் எல்லாம் ஒழுங்காக உடுத்திக்கொண்டு எப்போதும் கந்தோர்ப் பக்கம்தான் நிற்கும். அரிப்பில் ஒரு பெண் தன் புருசன் சொற்கேளாமல் செத்தான் என்று கேட்டுக்கொண்டு இருப்பாள்.

வெட்டுகிற அந்த நிரலை அவள் மடிக்கணினியில் வாங்கிக்கொண்டாள். தன் அறைக்குப் போய் வேறொன்று எழுதினாள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் அளந்து பார்ப்பது. முடிவுப் பூச்சியத்துக்கும் ஒரு இடம் கூட்டிக்கொள்வது. அதற்குத் தக்கபடி இடம் எடுப்பது. இடம் இல்லையென்றால் பெயரை அடுத்த செய்தியில் அனுப்புவது, முதலில் இடத்தைச் சொல்லிவிடுவது. முதல் வருடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஒரு மனிதனைக் கொடுத்து அதைத் திரும்பப் படித்தாயிற்று.

அவள் ஊருக்குப் போன அன்று சந்தியோகுவின் முப்பத்தோராம் நாள். பூசை முடிந்து சனம் மேரி ரோஸின் வளவில் கூடியிருந்தது. வேலியோரம் நிமிர்த்திச் சாத்தப்பட்டிருந்த படகு புதுச் சாயத்தோடு நின்றது. அதை இனி எடுக்கப்போகிறவன் மேரி ரோஸின் தம்பி எமில். தட்டில் சோற்றைப் பிசைந்தபடி நாலு பேரோடு கதைத்துக்கொண்டிருந்தான்.

"அத்தான் மோட்சத்திலையும் ஒரு இடத்தில இருக்கமாட்டார். சம்மனசுகளுக்குத்தான் கரைச்சல்."

நாலு பேரும் சிரித்தார்கள். பகைச் சிரிப்பு இல்லை, துக்க வீட்டில் துக்கம் தாங்காமல் சிரிக்கிற சிரிப்பு. பெனடிக்ற் மட்டும் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார். மேரி ரோஸ் தண்ணீர்ச் செம்போடு அவர்களைத் தாண்டிப் போனாள், காது கேளாதவளைப் போல.

றொஷேல் அப்டேற் என்று சொல்லவில்லை. பந்தியின் நடுவில் போய் நின்றாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு எப்போதும் வராது.

"ரோஸ் அக்கா, சந்தியோகு அண்ணன் அசையேல்லை. அவர் நிண்ட இடத்திலதான் நிண்டவர். பெட்டிதான் பிழையான இடத்தைச் சொன்னது. நாங்கள் செய்த பெட்டி."

கதை நின்றது. எமிலின் கை தட்டில் அப்படியே இருந்தது. பெட்டிக்குள் பெயர் நீண்டு இடத்தின் மேல் விழுந்த விதத்தை அவள் தன்னால் முடிந்த மட்டும் விளக்கினாள். வாங்கில் குந்துகிறவனின் கதையையும் சொன்னாள். எத்தனை பேருக்கு விளங்கியதோ தெரியாது. நீங்கள் படிச்ச ஆக்கள் முதலே பாக்கிறேல்லையோ என்று பின்னால் யாரோ கேட்டார்கள். பார்த்தேன், ஒருதரம் கேட்டேன், பிறகு விட்டுவிட்டேன் என்று சொன்னாள்.

மேரி ரோஸ் செம்பை நிலத்தில் வைத்தாள்.

"அவர் அசையேல்லையோ?"

"இல்லை அக்கா."

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

"அசையேல்லை. நாங்கள் சொன்னபடி நங்கூரத்தைப் போட்டிட்டு இருந்தவர்."

"நீ சொன்னபடி," என்றாள் மேரி ரோஸ்.

"ஓம். நான் சொன்னபடி."

மேரி ரோஸ் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் றொஷேலுக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தப் பெண் எமிலைத் திரும்பிப் பார்த்தாள். எமில் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவள் வேலியோரம் நடந்து போய்ப் படகின் முன்னணியத்தில் கையை வைத்தாள். புனித அந்தோனியார் துணை செபமாலை என்று எழுதியிருந்ததன் பக்கத்தில் சந்தியோகு என்று புதிதாக எழுதப்பட்டிருந்தது. சாயம் இன்னும் மினுங்கியது.

"இவற்ற பேரும் சேர்ந்திட்டுது. உன்ர பெட்டி கொள்ளுமோ, இல்லாட்டி வெட்டச் சொல்லி வந்தனியோ?"

வெட்டத்தான் என்னை அனுப்பினவை என்று றொஷேல் சொன்னாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். கந்தோர் கொடுத்த நிரல் ஒரு பக்கம், தான் எழுதியது ஒரு பக்கம். தன்னுடையதை ஏற்றினால் நாளைக்கு வேலை இருக்காது. அதை நினைக்க ஒரு கணம்கூட எடுக்கவில்லை என்று சொல்வது பொய். எடுத்தது. வீட்டில் அவளுடைய சம்பளத்தை நம்பி இரண்டு தங்கச்சிமார் படிக்கிறார்கள். அவள் படகுக்குள் ஏறி மஞ்சள் பெட்டியின் மூடியைக் கழற்றி, வயரைப் பூட்டி, தான் எழுதியதை ஏற்றினாள். பெயரைத் தட்டெழுதினாள். புனிதர், செபமாலை, சந்தியோகு. ஒன்றையும் சுருக்கவில்லை.

"ஒருக்கா அழுத்திப் பாக்கவேணும் அக்கா. எல்லாற்ற போனுக்கும் வரும். வரட்டோ?"

மேரி ரோஸ் படகுக்குள் எட்டி, தன் பெருவிரலால் அந்தச் சிவப்புக் குமிழைத் தானே அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வளவில் ஒரு போன் கத்தியது, அடுத்தது, பெனடிக்ற்றின் சட்டைப் பையில் ஒன்று, எமிலின் மடியில் ஒன்று. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு இடது கையால் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாருடைய கையிலும் ஒரே செய்தி. புனித அந்தோனியார் துணை செபமாலை சந்தியோகு, உதவி. அதன் பின்னால் இடம். பெனடிக்ற் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அரிப்பு. கோயிலுக்கு மேற்கே, இந்த வேலியோரம். ஒரு அடிகூடத் தள்ளவில்லை.

ஒருவரும் எழும்பவில்லை. எங்கே ஓடுவது.

வீட்டுக்குள் அலுமாரிக்கு மேலேயும் ஒரு போன் கத்தி ஓய்ந்தது. சந்தியோகுவின் போன். கடலுக்குப் போகையில் நனையும் என்று எப்போதும் வைத்துவிட்டுப் போவாராம். மேரி ரோஸ் உள்ளே போய் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய வாசித்தாள்.

"இப்ப சரியா வந்திருக்கு," என்றாள்.